படத்தில் தெரியும் நீலம் எந்த நீலம்? 1978 சூப்பர்மேன் உடையை ஆதாரப் படங்களிலிருந்து தைத்தல்

கேள்வி: 7 ஜனவரி

1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கிறிஸ்டோஃபர் ரீவ் அணிந்த சூப்பர்மேன் உடையைத் துல்லியமாகத் தைக்க விரும்புகிறேன். இருநூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைச் சேர்த்துவிட்டேன். அவற்றுள் மிகத் தெளிவானதைக் கணினியில் திறந்து, நீலத்தின் மீது நிறமெடுப்பானை (படப்புள்ளியின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் மென்பொருள் கருவி) வைத்து, வரும் எண்ணைச் சாயமிடுபவரிடம் கொடுத்தால் நிறம் முடிந்துவிடும். ரீவின் உயரம் 193 சென்டிமீட்டர் என்பது தெரிந்திருப்பதால், மற்ற அளவுகளையும் அதே படத்திலிருந்து கணக்கிட்டுவிடலாம். இதில் நான் எதையாவது தவறவிடுகிறேனா?

8 ஜனவரி

ஆம், பெரும்பகுதியைத் தவறவிடுகிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வழியில்தான் தொடங்கினேன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

மிகத் தெளிவானது என்று நான் நம்பிய ஒரு படத்தில், ஒரே சட்டையின் மார்பு, தோள், முழங்கை, விலா ஆகிய இடங்களிலிருந்து பதினொரு எண்களை எடுத்தேன். அவற்றுள் இரண்டுகூட ஒத்துப்போகவில்லை. சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, அந்தச் சராசரிக்கே சாயமிட்டுத் துணியை வாங்கி வந்தேன். சாம்பல் கலந்த, உயிரற்ற ஒரு நீலம் கைக்கு வந்தது. அதைச் சிவப்புத் துணிக்கு அருகில் வைத்தபோது, பல முறை துவைத்து வெளிறிய பள்ளிச் சீருடையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

காரணம் எளியது. துணியின் மேடான இடங்களில் விளக்கின் நிறம் கலந்திருக்கிறது. பள்ளமான இடங்களில் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பட்டுத் திரும்பிய ஒளியின் நிறம் கலந்திருக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது ஒளிகளின் சராசரியே தவிர, துணியின் நிறம் அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் சேர்த்து வைக்கும் ஜேபெக் படங்களும் காணொளிச் சட்டகங்களும் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடும் சேமிக்கின்றன. நான்கு படப்புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல் என்பது வழக்கமான ஏற்பாடு. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் மார்புச் சின்னத்தின் சிவப்பு விளிம்பும் நீலச் சட்டையும் சந்திக்கும் இடத்தில் நிறமெடுப்பானை வைத்தால், உடையில் எங்குமே இல்லாத ஓர் ஊதா கிடைக்கும்.

8 ஜனவரி, இரவு

மேலே உள்ளதை எழுதிய பிறகு, இதைவிட முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதை உணர்ந்தேன். நீங்கள் தைக்க விரும்புவது ஆடை அறையில் தொங்கிய உடையையா, திரையில் தெரிந்த உடையையா? இவை ஒன்றல்ல. இதை முடிவு செய்யாமல் ஒரு சாண் துணிகூட வாங்காதீர்கள்.

11 ஜனவரி

"இரண்டும் எப்படி வேறாக இருக்க முடியும், அதே உடையைத்தானே படம் பிடித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த உடையைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை உண்டு.

உடையை வடிவமைத்தவர் இவான் பிளேக். இப்படத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் பெற்றவர். அவருடைய வடிவமைப்பில் தைக்கப்பட்டது ஒரே ஓர் உடையன்று. பல உடைகள் தைக்கப்பட்டன, அவை எல்லாம் ஒரே நீலத்திலும் இல்லை. பறக்கும் காட்சிகளுள் சிலவற்றுக்கு நீலத்திரை முறையைக் கையாண்டார்கள். நடிகருக்குப் பின்னால் நீலத் திரையை நிறுத்திப் படம்பிடித்து, அந்த நீலத்தை நீக்கிவிட்டு வானத்தை அங்கே பொருத்துவது அந்த முறை. நீலத் திரைக்கு முன்னால் நீலச் சட்டை அணிந்தவரை நிறுத்தினால், திரையோடு சட்டையும் மறைந்துவிடும். அதனால் அக்காட்சிகளுக்கென்றே பச்சை கலந்த நீலத்தில், ஏறத்தாழ மயில்கழுத்துக்கு நெருங்கிய நிறத்தில், தனியாக உடை தைத்தார்கள்; பின்னர் படத்தின் நிறத்தைத் திருத்தும்போது அதை வழக்கமான நீலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே, அந்தக் காட்சியின் சட்டகத்தில் நீங்கள் பார்க்கும் நீலம் எந்தத் துணியிலும் இருந்ததில்லை. மாறாக, அதே நாளில் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த ஒளிப்படத்தில் பச்சை சாய்ந்த உடை தெரிந்தால், அதைப் படம் பழுதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடக் கூடாது. நான் ஒதுக்கினேன். நல்ல படங்கள் ஒன்பதை "நிறம் கெட்டவை" என்று குறித்து வேறு கோப்புறைக்குத் தள்ளியிருந்தேன். இடுப்புப் பகுதியின் தையல் கோடுகளை மிகத் தெளிவாகக் காட்டியவை அவைதாம்.

15 ஜனவரி

முதல் குறிப்பில் ஒளிகளைப் பற்றி மட்டும் எழுதியது போதாது. ஒளிப்பதிவைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த். லென்ஸுக்கு முன்னால் மூடுபனி வடிப்பான்களை வைத்து மென்மையான, சற்றே பால் கலந்தது போன்ற தோற்றத்தைக் கொண்டுவருவதில் பெயர் பெற்றவர். படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1978 அக்டோபரில் அவர் மறைந்தார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அந்த மென்மை கதைக்குப் பேரழகு. உடையைப் படியெடுக்க முயலும் நமக்கோ, வெளிச்சமான இடங்களின் ஒளி பக்கத்து இருண்ட இடங்களுக்குள் கசிந்து, ஆழமான நீலத்தை வெளிறச் செய்துவிடுகிறது. துணியின் இழைநயமும் அதில் கரைந்துபோகிறது.

எனவே ஆதாரப் படங்களை இரு குடும்பங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரைப்படச் சட்டகங்கள்: வடிப்பான் வழியாகவும் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்யும் அகலத்திரை அனமார்ஃபிக் லென்ஸ் வழியாகவும் நிறத்திருத்தம் வழியாகவும் வந்தவை. மற்றொன்று, தளத்திலோ விளம்பரத்துக்காகவோ நிழற்படக்காரர் தம் சொந்தக் கேமராவால், தம் சொந்த விளக்கால் எடுத்தவை. முதல் குடும்பம் திரையில் தெரிந்த உடையைச் சொல்லும். இரண்டாவது குடும்பம் தைத்த உடைக்கு ஓரளவு நெருங்கி வரும். இரண்டையும் ஒரே கோப்புறையில் கலந்து வைத்தால் ஒவ்வொரு முடிவிலும் தடுமாறுவீர்கள்.

பழைய அச்சுப் பிரதிகளிலிருந்து எடுத்த படங்களும் உங்கள் இருநூறில் இருக்கும். அக்காலத்து வண்ணப் பிரதிகளில் மூன்று சாயங்களுள் சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்) சாயம் பெரும்பாலும் முதலில் மங்கும். நீலத்தை உண்டாக்குவது சயானும் மஜெந்தாவும் சேர்ந்துதான் என்பதால், சயான் போனதும் நீலம் ஊதாவை நோக்கி நகரும். சிவப்பு மட்டும் ஏறத்தாழ நின்றுகொண்டிருக்கும். கேப் (தோளிலிருந்து முதுகில் தொங்கும் மேலங்கி) சரியான சிவப்பாகத் தெரிந்து, சட்டை மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்திருந்தால், அந்தப் படத்தைத் தையலுக்குப் பயன்படுத்துங்கள்; நிறத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

20 ஜனவரி

"அப்படியானால் நிறத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது?" என்ற கேள்வி வந்திருக்கிறது. நான் இறுதியாக வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன்.

தனி நிறத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரே படத்துக்குள் நிறங்களுக்கு இடையிலுள்ள உறவைத் தேடினேன். ஒரு படத்தில் சட்டையின் நீலம், கேப்பின் சிவப்பு, இடுப்புப்பட்டையின் மஞ்சள் ஆகிய மூன்றும் ஒரே ஒளியில் நிற்கின்றன. ஒளி மாறும்போது மூன்றும் சேர்ந்தே மாறும். ஆகவே, நீலம் சிவப்பைவிட எவ்வளவு இருண்டது, மஞ்சள் எலுமிச்சைப் பக்கம் சாய்கிறதா ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறதா என்ற ஒப்பீடுகள், தனி எண்ணைவிட நம்பகமானவை. அதே சட்டகத்தில் வெள்ளைச் சட்டையோ செய்தித்தாளோ சாம்பல் நிறக் கோட்டோ இருந்தால் அதை நடுநிலைக்கு அளவுகோலாகக் கொள்ளுங்கள். முகத்தை நம்ப வேண்டாம், ஒப்பனை இருக்கிறது.

பிறகு துணித் துண்டுகள். பன்னிரண்டு நீலத் துண்டுகளையும் ஐந்து சிவப்புத் துண்டுகளையும் ஓர் அட்டையில் வரிசையாகத் தைத்து, நடுவில் எந்த நிறச் சாய்வும் இல்லாத சாம்பல் அட்டையை ஒட்டினேன். அதை மதிய நிழலில் ஒரு முறை, பழைய மஞ்சள் குண்டு விளக்கின் கீழ் ஒரு முறை, வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒரு முறை படமெடுத்தேன். இரண்டு நீலங்கள் குண்டு விளக்கின் கீழ் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒத்திருந்தன. நிழலுக்குக் கொண்டுபோனதும் ஒன்று ஊதா சாய்ந்தும் மற்றொன்று பச்சை சாய்ந்தும் தெரிந்தன. வெவ்வேறு சாயக் கலவைகள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் மற்றோர் ஒளியில் வேறாகவும் தெரிவது இயல்பு. வீட்டு விளக்கின் கீழ் துணியைத் தேர்ந்தெடுத்து, பகல் வெளிச்சத்தில் அணிந்து நிற்பவர்கள் அடையும் ஏமாற்றத்தின் வேர் இதுதான்.

நீங்கள் இந்த உடையை எந்த ஒளியில் அணியப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். என்னுடையது பெரும்பாலும் திறந்தவெளிக்கு. ஆகவே மதிய நிழலில் வென்ற துண்டையே எடுத்தேன், குண்டு விளக்கின் கீழ் அது தோற்றது என்று தெரிந்தே.

21 ஜனவரி

ஒரு திருத்தம். சிவப்புத் துண்டுகளை எல்.இ.டி.யின் கீழ் ஒப்பிட்டு நேற்று நான் செய்த தேர்வைத் திரும்பப் பெறுகிறேன். மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு அலைகள் குறைவு. அதனால் நல்ல சிவப்புத் துணியும் அவற்றின் கீழ் செங்கல்போல் மங்கித் தெரியும். சிவப்பைப் பகலில் மட்டும் பாருங்கள்.

2 பிப்ரவரி

மார்புச் சின்னம். இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

இந்த உடையை நூறடி தள்ளி நின்று பார்ப்பவரும் முதலில் பார்ப்பது சின்னத்தைத்தான். அதன் எஸ் எழுத்தில் ஒரு வளைவு விரல் அகலம் பருத்தாலும், பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஆனால் "ஏதோ சரியில்லை" என்று தோன்றிவிடும். அதனால் சட்டை முழுவதற்கும் செலவிட்டதைவிட அதிக நேரத்தைச் சின்னத்துக்குச் செலவிட்டேன்.

அளவை மூன்று வழிகளில் கணக்கிட்டேன். முதலாவது, நீங்கள் சொன்னதுபோல் முழு உருவப் படத்தில் 193 சென்டிமீட்டர் உயரத்தை வைத்து. இரண்டாவது, நெருக்கப் படத்தில் கருவிழியின் அகலத்தை வைத்து. வளர்ந்தவர்களின் கருவிழி அகலம் ஆளுக்கு ஆள் மிகக் குறைவாகவே வேறுபடும், ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். மூன்றாவது, பின்னணியில் இருந்த, அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்து. மூன்று கணக்குகளுக்கும் இடையே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தது.

காரணம் கேமராவின் தூரம் என்பது என் முடிவு. கேமராவுக்கு 2 மீட்டர் தொலைவில் மார்பு இருந்து, அளவுகோலாக நாம் எடுத்த பொருள் அதற்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், மார்பில் உள்ளது 10 விழுக்காடு பெரிதாகத் தெரியும். அதே ஏற்பாடு 6 மீட்டர் தொலைவில் இருந்தால் பிழை 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மட்டுமே. ஆகவே அளவெடுக்கத் தொலைவிலிருந்து எடுத்த படங்களை மட்டும் பயன்படுத்துங்கள். கருவிழி முறையில் இன்னோர் இடர் உண்டு: படத்தில் கருவிழி 30 படப்புள்ளிகள் அகலம் என்றால், ஒரு புள்ளி தவறினாலே 3 விழுக்காடு தவறிவிடும்.

கிடைத்த சிறிய அளவுக்கே சின்னத்தை வெட்டிவிட்டேன்.

9 பிப்ரவரி

2ஆம் தேதிக் குறிப்பின் முடிவு பாதிதான் சரி. வெட்டிய சின்னத்தை மார்பில் வைத்து, பழைய படத்தின் அதே கோணத்தில் என்னைப் படமெடுத்துப் பார்த்தேன். சின்னம் குறுகலாகத் தெரிந்தது. தூரக் கணக்கால் வரக்கூடிய வேறுபாட்டைவிட அதிகமாகக் குறுகியிருந்தது.

நான் மறந்தது மார்பின் வளைவை. சின்னம் தட்டையான பலகையில் இல்லை. அதன் இரு பக்கங்களும் விலாவை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. படத்தில் நாம் அளப்பது அந்த வளைவுக்குக் குறுக்கே இழுத்த நேர்க்கோட்டை. மார்பை 16 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையாகக் கொண்டு கணக்கிட்டால், படத்தில் 24 சென்டிமீட்டராகத் தெரிவதற்குத் துணி 27 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். இந்த 3 சென்டிமீட்டரும் நடுவில் கூடாமல் ஓரங்களில்தான் கூட வேண்டும். நடுப்பகுதியைக் கேமரா நேராகப் பார்க்கிறது, ஓரங்களைத்தான் சாய்வாகப் பார்க்கிறது. சின்னத்தை ஒரே சீராகப் பெரிதாக்கினால் உயரமும் கூடி வேறு வகையில் கெட்டுப்போகும்.

இப்போது நான் செய்வது இதுதான். உடலளவுக் காகிதச் சின்னத்தை வெட்டி, உடையை அணிந்துகொண்டு மார்பில் ஊசியால் குத்தி, படமெடுத்து, பழைய படத்தின் மேல் பாதி ஊடுருவலாகப் படியவைத்துப் பார்க்கிறேன். பொருந்தாத இடத்தைப் பென்சிலால் குறித்து அடுத்த காகிதத்தை வெட்டுகிறேன். ஏழாவது காகிதத்தில் எஸ்ஸின் கீழ் வளைவு படிந்தது. கணிதம் திசையைக் காட்டியது, முடித்துக்கொடுத்தது காகிதம்தான்.

10 பிப்ரவரி

இடவலம் மாறிய படங்களைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு: மார்பு தெரிந்தால் கவலை வேண்டாம், எஸ் எழுத்து திருப்பிப் போட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மார்பு மறைந்திருக்கும் பக்கவாட்டுப் படங்களில்தான் ஏமாறுவோம். அங்கே தலைமுடியின் வகிட்டைப் பாருங்கள். ரீவ் சூப்பர்மேனாகவும், சாதாரண மனிதனாக அவன் போடும் வேடமான கிளார்க் கென்ட்டாகவும் நடிக்கையில் வகிட்டை எதிரெதிர்ப் பக்கங்களில் எடுத்தார். சூப்பர்மேன் உடையில் இருந்துகொண்டு கிளார்க்கின் வகிடு தெரிந்தால், அந்தப் படம் திருப்பப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

11 பிப்ரவரி

சின்னத்தைத் தைக்கும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சட்டை நீட்சித்துணி, சின்னம் அடித்துணி ஒட்டிய, நீளாத துணி. மேசையில் தட்டையாக விரித்து இயந்திரத்தில் தைத்தால், அணிந்தவுடன் சுற்றியுள்ள துணி மட்டும் நீண்டு, சின்னத்தின் மூலைகளிலிருந்து சூரியக் கதிர்போல் சுருக்கங்கள் ஓடும். என் முதல் உடையில் அவற்றை மறைக்க நான்கு மாலைகள் வீணாயின. இம்முறை சட்டையை உடலளவுப் பொம்மைக்கு அணிவித்து, நீண்ட நிலையிலேயே சாக்கட்டியால் சுற்றுவரை குறித்து, கையூசியால் சாய்வுத் தையல் போட்டேன். கைத்தையல் துணியோடு சேர்ந்து கொஞ்சம் இளகிக்கொடுக்கும். இயந்திரத் தையல் கொடுக்காது.

23 பிப்ரவரி

கேப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் அதன் இணைப்பு. இந்தப் படத்தின் உடையில் கேப்பின் முன்முனைகள் கழுத்து வளைவுக்குள் செருகப்பட்டதுபோல் உள்ளே மறைகின்றன. தோளில் பொத்தான் வைத்தோ கொக்கி வைத்தோ மாட்டினால், எவ்வளவு நல்ல துணியானாலும் அது நாடக உடையாகிவிடும். சட்டையின் கழுத்துக்குள் ஒரு பட்டையைத் தைத்து, கேப்பின் எடையை அந்தப் பட்டை தோள்களுக்குப் பகிர்ந்துகொடுக்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னாலிருந்து இழுக்கும் எடை கழுத்து வளைவைத் தொண்டை வரை ஏற்றிவிடும்.

அடுத்து, பறக்கும் காட்சிகளின் கேப்பைப் பார்த்து வெட்டாதீர்கள். நிற்கும்போது விழுவதற்கும் பறக்கும்போது விரிவதற்கும் வெவ்வேறு கேப்புகள் பயன்படுத்தப்பட்டன. பின்னணிப் படத்தை முன்பக்கமிருந்து திரையில் வீழ்த்தும், சோரன் பெரிசிக் உருவாக்கிய முன்வீழ்த்தல் முறையில், கேமராவின் ஜூம் லென்ஸும் படவீழ்த்தியின் ஜூம் லென்ஸும் ஒருங்கே இயங்குவதால், இருந்த இடத்திலேயே இருக்கும் நடிகர் முன்னோக்கிப் பாய்வதுபோல் தெரிந்தார். அந்தக் காட்சிகளில் கேப் அலைவதும் தானாக நிகழ்ந்ததன்று, நிகழ்த்தப்பட்டது. நின்று அணிகிற நமக்குத் தேவை, கீழே கனமாக விழுந்து நடக்கும்போது ஒரு கணம் தாமதித்துப் பின்தொடரும் துணி. மெல்லிய சாட்டின் மின்னும், மிதக்கும், கால்களுக்கு இடையில் சிக்கும். நான் மெல்லிய கம்பளியைத் தேர்ந்தெடுத்தேன். வெயிலில் சுடுகிறது, ஆனாலும் அது விழும் விதம் படத்தில் உள்ளதைப் போலவே இருக்கிறது.

முதுகில் உள்ள மஞ்சள் சின்னத்தை மறந்துவிடாதீர்கள். முன்பக்கப் படங்களை மட்டுமே சேர்ப்பவர்கள் அதை மறப்பதை இருமுறை பார்த்துவிட்டேன்.

1 மார்ச்

"என் உடல் ரீவின் உடல் இல்லை. அப்போது துல்லியம் என்பதற்குப் பொருள் என்ன?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த உரையாடலிலேயே மிக முக்கியமான கேள்வி இது.

ரீவுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. ஒல்லியாக வந்து சேர்ந்த அவருக்குப் பளுதூக்கும் வீரர் டேவிட் பிரௌஸ் உடற்பயிற்சி அளித்தார். ரீவ் 10 கிலோவுக்கு மேல் எடை கூடினார். பல மாதங்கள் நீண்ட படப்பிடிப்பு அது. முதல் படமும் இரண்டாம் படத்தின் பெரும்பகுதியும் சேர்த்தே எடுக்கப்பட்டன. இரண்டாம் படத்தின் எஞ்சிய காட்சிகள் பின்னர் வேறோர் இயக்குநரின் கீழ் எடுக்கப்பட்டன. ஆகவே ஒரே படத்துக்குள்ளும் அவர் தோள்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கம்பியில் தொங்கும் காட்சிகளில் உடைக்கு உள்ளே தாங்குபட்டையும் இருக்கிறது. அவற்றைப் பார்த்து இடுப்பளவைத் தீர்மானித்தால் உங்கள் இடுப்பு பருத்துவிடும்.

என் முடிவு இது: சென்டிமீட்டர்களைப் படியெடுக்காமல், இடங்களைப் படியெடுக்க வேண்டும். சின்னத்தின் மேல் விளிம்பு காறையெலும்புக்கு எவ்வளவு கீழே தொடங்குகிறது, அதன் கீழ் முனை மார்புக்கூட்டின் எந்த இடத்தில் முடிகிறது, இடுப்புப்பட்டை இயற்கை இடுப்பில் அமர்கிறதா சற்றே கீழே அமர்கிறதா, சிவப்பு இடுப்புடையின் கால் வளைவு எலும்பின் எந்த உயரத்தில் வெட்டுகிறது, கேப் முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது. இவற்றை உங்கள் உடலில் அதே இடங்களுக்குக் கொண்டுவந்தால், நீங்கள் குள்ளமானவராக இருந்தாலும் பருத்தவராக இருந்தாலும் உடை அதே உடைதான். என் உயரம் 168 சென்டிமீட்டர். ரீவுக்குரிய அளவிலேயே சின்னத்தை வைத்தபோது அது என் வயிறுவரை இறங்கியது. இடத்தை வைத்துச் சுருக்கியபோது, பார்த்தவர்கள் என் உயரத்தைப் பேசவில்லை, உடையைப் பேசினார்கள்.

இதை முன்பே உணர்ந்திருந்தால் 2 பிப்ரவரிக் குறிப்பின் பாதியை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வளைவைப் பற்றிய 9ஆம் தேதிக் கணக்கு அப்படியே நிற்கிறது; எந்த மார்பும் வளைந்ததுதான்.

14 மார்ச்

நிறத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நேற்று புதிய உடையை முழுவதுமாக அணிந்து பார்த்தேன். மதிய நிழலில் வென்ற அதே நீலம் மார்பிலும் தொடையிலும் ஒரு படி வெளிறித் தெரிந்தது.

நீட்சித்துணி நீளும்போது இழைகள் விலகுகின்றன. இடையில் சாயம் பிடிக்காத நெகிழிழை (துணிக்கு நீட்சி தரும் ரப்பர் போன்ற இழை) எட்டிப் பார்க்கிறது. மேற்பரப்பில் மட்டும் அச்சிட்ட துணியாக இருந்தால் இந்த வெளிறல் மிக மோசமாக இருக்கும். இழையே சாயத்தில் ஊறிய துணியில் குறைவு. என்னுடையது இரண்டாவது வகை என்பதால் தப்பினேன், முழுமையாக அன்று. 20 ஜனவரியில் சொன்ன முறையோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: துணித் துண்டுகளை அட்டையில் தளர்வாகத் தைக்காமல், அணியும்போது எவ்வளவு நீளுமோ அவ்வளவு இழுத்துத் தைத்து ஒப்பிடுங்கள். தளர்ந்த நிலையில் இரண்டாம் இடம் பெற்ற, சற்றே இருண்ட நீலம் இழுத்த நிலையில் முதலிடம் பெற்றது. அதை வாங்கியிருக்க வேண்டும்.

அசல் துணியை வெட்டும் முன் காடாத் துணியில் ஒத்திகை பார்ப்பது பொதுவாக நல்ல பழக்கம். இந்த உடைக்கு அது உதவாது. காடா நீளாது. மலிவான நீட்சித்துணியில், அதே நீட்சி அளவுள்ளதில், ஒத்திகை பாருங்கள்.

29 மார்ச்

இடுப்புப்பட்டை, காலணி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை இடுப்புடையின் சிவப்பு வளையங்களுக்குள் நுழைந்து செல்கிறது. வளையங்களை விட்டுவிட்டால் பட்டை நழுவும், படத்துக்கும் ஒவ்வாது. காலணிக்குப் பழைய உயரக் காலணியின் மேல் சிவப்புத் தோல் உறையை இழுத்துத் தைத்தேன். மேல் விளிம்பின் வளைவை வெட்டுவதற்கு முன் நின்று பார்க்காமல் நடந்து பாருங்கள். முழங்கால் மடியும்போது விளிம்பு கெண்டைக்கால் பின்புறத்தைக் குத்தினால் அரை மணி நேரத்துக்கு மேல் அணிய முடியாது.

12 ஏப்ரல்

முதல் கேள்வியைக் கேட்டவர் தம் துணித் துண்டுகளின் படத்தை அனுப்பியிருக்கிறார், சாம்பல் அட்டையோடும் மூன்று ஒளிகளிலும். இழுத்துத் தைத்திருக்கிறார். மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர் திரையில் தெரிந்த உடையைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும், அதனால் நான் கைவிட்ட அந்த வெளிறிய நீலமே தமக்குச் சரியாக இருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரி. அன்ஸ்வொர்த்தின் வடிப்பான் செய்ததைத் துணியே செய்யட்டும் என்பது நான் எண்ணிப் பார்க்காத வழி. என் கருத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: நீலத்தை வெளிறச் செய்தால் சிவப்பையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கேப் மட்டும் தனியே கூவிக்கொண்டு நிற்கும்.

நான் இப்போது இரண்டாவது கேப்பில் இருக்கிறேன். முதல் கேப்பில் செய்த தவறு, வெட்டிய அன்றே விளிம்பை மடித்துத் தைத்தது. வட்டமாக வெட்டிய துணியில் சில பகுதிகள் நூல்வாக்கிலும் சில நூலுக்கு மூலைவிட்டச் சாய்விலும் தொங்குவதால், சாய்வாகத் தொங்கும் பகுதிகள் தம் எடையாலேயே நாளடைவில் இறங்கும். ஒரு மாதத்தில் அந்தக் கேப்பின் இரு ஓரங்களும் நடுவைவிட நீண்டுவிட்டன. இம்முறை விளிம்பு தைக்காமல் கழுத்துப்பட்டையோடு பொம்மையின் தோளில் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று நாட்களில் இடது ஓரம் 2 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, வலது ஓரம் அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு நாட்கள் தொடர்ந்து அளவு மாறாமல் நின்ற பிறகுதான் தரையிலிருந்து அளந்து வெட்டப்போகிறேன்.